பீப்பிள்ஸ் பார்க்: ஒரு காலி மனையின் 55 ஆண்டுகள்

2024 ஜனவரி 4, நள்ளிரவு தாண்டிய நேரம். குளிர்கால விடுமுறை என்பதால் மாணவர்களில் பலர் ஊரில் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில், பல்கலைக்கழக வளாகத்துக்குத் தெற்கே சில தெருக்கள் தள்ளி இருந்த பீப்பிள்ஸ் பார்க் (மக்கள் பூங்கா) என்ற பூங்காவை நூற்றுக்கணக்கான போலீஸார் சுற்றி வளைத்தார்கள். உள்ளே தங்கியிருந்தவர்களையும் காவலுக்கு நின்ற போராட்டக்காரர்களையும் வெளியேற்றினார்கள். சிலரைக் கைது செய்தார்கள். அப்புறம் லாரிகள் வந்தன. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்பு கண்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்கு வைத்து, பூங்காவைச் சுற்றி ஒரு மதில் எழுப்பினார்கள். சுமார் 160 கண்டெய்னர்கள்.

தனக்குச் சொந்தமான அந்த நிலத்தில் பல்கலைக்கழகம் மாணவர் விடுதி கட்ட இருந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு யாரும் இப்படி வேலி போடுவதில்லை. கம்பிவலை போதும். ஆனால் இந்த இடத்தில் கம்பிவலை நிற்காது என்று பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு நன்றாகத் தெரியும். 1969இல் போட்ட வேலியை 1972இல் மக்கள் பிடுங்கி எறிந்தார்கள். 2021 ஜனவரியில், மண் பரிசோதனைக்காகப் போட்ட வேலியை மாணவர்கள் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டிலேயே போட்டார்கள். 2022 ஆகஸ்டில் போட்ட வேலி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

பெர்க்லி நமக்கு அறிமுகமான ஊர்தான். ஜார்ஜ் ஹார்ட் பல ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்த பல்கலைக்கழகம் அது. அந்த ஊரின் நடுவில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் மொத்தமே 2.8 ஏக்கர், அதாவது ஒன்றரைக் கால்பந்து மைதானம். அந்தத் துண்டு நிலத்துக்காக ஒருவர் உயிரிழந்தார், பலர் காயப்பட்டார்கள், ராணுவ உடையில் ஆட்கள் ஊருக்குள் வந்தார்கள், மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டத்தையே திருத்தியது. இதைப் பூங்காவா, மாணவர் விடுதியா என்ற சண்டையாகப் பேசுவதுதான் வழக்கம். முழுக் கதையையும் வரிசையாகப் படித்த பிறகு எனக்கு வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. ஆள் குடியிருந்த நிலத்தைக் காலி செய்தவர்கள், அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமலே காலி செய்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே அந்த முதல் தவறிலிருந்து கிளம்பியது.

வீடுகள் இருந்த இடம்

ஹேஸ்ட் தெரு, பௌடிச் தெரு, ட்வைட் வே ஆகிய மூன்றுக்கும் நடுவில், டெலிகிராஃப் அவென்யூவுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த மனை. 1960களில் அங்கே பழைய மர வீடுகள் இருந்தன. வாடகை குறைவு. மாணவர்கள், கலைஞர்கள், படிப்பை முடித்தும் ஊரைவிட்டுப் போகாதவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் குடியிருந்தார்கள். வளாக விரிவாக்கத் திட்டத்தில் 1950களிலேயே இந்த இடத்தைப் பல்கலைக்கழகம் குறித்து வைத்திருந்தது. 1967இல் அதற்காக 13 லட்சம் டாலர் ஒதுக்கி, அரசுக்குள்ள நில ஆர்ஜித அதிகாரத்தைப் பயன்படுத்தி மனைகளைக் கையகப்படுத்தியது. 1968 தொடக்கத்தில் வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1964இல் இதே வளாகத்தில் பேச்சுரிமை இயக்கம் நடந்தது. வியட்நாம் போருக்கு எதிரான கூட்டங்கள் இதே டெலிகிராஃப் அவென்யூவில் நடந்துகொண்டிருந்தன. 1966இல் ஆளுநர் தேர்தலில் நின்ற ரொனால்ட் ரீகன், பெர்க்லியில் நடக்கும் குழப்பத்தைச் சுத்தம் செய்வேன் என்று சொல்லி ஓட்டு கேட்டு ஜெயித்தவர். அந்தச் சூழலில், அரசியல் பேசும் இளைஞர்கள் குடியிருந்த வீடுகளை இடிக்கிறார்கள் என்றால், கட்டடம் கட்டத்தான் இடிக்கிறார்கள் என்று அங்கே எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? சந்தேகப்படுவதற்குக் காரணமும் இருந்தது. வீடுகள் போன பிறகு பணம் இல்லை, வேலை தொடங்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்த இடம் சேறும் இடிபாடுமாகக் கிடந்தது. மழை பெய்தால் குளம், வெயில் அடித்தால் கார் நிறுத்துமிடம்.

நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். பாலம் வருகிறது என்று கடைகளை இடிப்பார்கள், பாலம் பத்து வருடம் வராது. அந்த இடத்தில் முதலில் குப்பை விழும், பிறகு வண்டிகள் நிற்கும். கடை வைத்திருந்தவர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெர்க்லியிலும் அப்படித்தான் இருந்தது. ஒரே வித்தியாசம், அங்கே இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

புல் சுருள்கள் வந்த ஞாயிறு

1969 ஏப்ரலில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் கூடிப் பேசினார்கள். அந்த மனையைப் பூங்காவாக்கலாம் என்று ஒரு யோசனை. ஊரில் வெளிவந்த ஒரு மாற்றுப் பத்திரிகையில், ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வாருங்கள் என்று ஒரு அறிவிப்பு வந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஏப்ரல் 20 ஞாயிறு, நூறு பேருக்கு மேல் வந்தார்கள். பாய் மாதிரிச் சுருட்டிய புல் லாரியில் வந்தது. இடிபாட்டுக் கல்லையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கி எடுத்து, மண்ணைச் சமப்படுத்தி, அந்தச் சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். செடிகள், மரக்கன்றுகள், பூ நாற்றுகளை ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு ஊஞ்சல் வந்தது. பெரிய பாத்திரத்தில் சமைத்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள். அடுத்தடுத்த வாரங்களில் ஆயிரம் பேர் வரை ஏதோ ஒரு வேலையில் கை கொடுத்தார்கள். காலையில் வகுப்புக்குப் போகும் பேராசிரியரும், தெருவில் படுக்கிற பையனும் ஒரே வரிசையில் மண் சுமந்த இடம் அது.

அந்த நாட்களில் ஒரு துண்டறிக்கை கைமாறியது. நிலம் யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு கேள்வி. பல்கலைக்கழகம் பத்திரத்தைக் காட்டுகிறது. சரி, அந்தப் பத்திரத்துக்கு முன்னால் யாரிடம் இருந்தது, அதற்கும் முன்னால் யாரிடம் இருந்தது என்று பின்னாலேயே போய், அந்தக் கரையில் வாழ்ந்த பூர்வகுடிகளிடம் இருந்து பறித்த நிலம் இது என்று போய் நிற்கிறது அறிக்கை. பத்திரத்தில் ரத்தம் இருக்கிறது என்பது அதன் வாதம். சட்டப்படி இந்த வாதம் எங்கேயும் நிற்காது. ஆனால் மண்ணில் உழைத்தவனுக்கு அந்த மண்ணில் ஒரு பாத்தியதை உண்டு என்ற நினைப்பு எந்த ஊர் மனிதனுக்கும் புரியும். புறம்போக்கில் மரம் வைத்து வளர்த்தவர், பட்டா இல்லை என்று தெரிந்தும் அந்த மரத்தை வெட்ட வந்தவனோடு சண்டை போடுவார். பீப்பிள்ஸ் பார்க்கின் உரிமை அந்த வகை உரிமை.

சான்சலர் ரோஜர் ஹெய்ன்ஸ் (நம் ஊர்க் கணக்கில் துணைவேந்தர்) முதலில் பேச்சுவார்த்தைப் பக்கம்தான் இருந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் எதுவும் செய்யமாட்டோம் என்று நிர்வாகத்தின் தரப்பில் பேச்சு இருந்தது. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் வளாகத்தில் இல்லை. மாநில அளவிலான ஆட்சிக்குழுவிடமும், அதற்கு மேலே இருந்த ஆளுநரின் அரசியலிடமும் இருந்தது. கீழே பேசியவர்களுக்கும் மேலே முடிவெடுத்தவர்களுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியில்தான் மே 15 நடந்தது.

மே 15

விடிகாலை ஐந்து மணிக்கு முன்பே நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸும் நகரப் போலீஸும் சேர்ந்து சுற்றுப்பட்டுத் தெருக்களை அடைத்தார்கள். பூங்காவில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி அனுப்பினார்கள். புல்லையும் செடிகளையும் பெரும்பகுதி அழித்துவிட்டு, எட்டடி உயரக் கம்பிவலை வேலி போட்டார்கள்.

மதியம் பல்கலைக்கழகத்தின் ஸ்ப்ரௌல் திடலில் வேறு ஒரு விஷயத்துக்காக ஏற்கெனவே கூட்டம் ஏற்பாடாகி இருந்தது. பேச்சு பூங்காவின் பக்கம் திரும்பியது. மாணவர் சங்கத் தலைவராகத் தேர்வாகியிருந்த டான் சீகல் பேசும்போது, அங்கே போய்ப் பூங்காவை எடுத்துக்கொள்வோம் என்ற பொருளில் ஒரு வரி சொன்னார். போலீஸ் ஒலிபெருக்கியை நிறுத்தியது. கூட்டம் அதற்கு மேல் பேச்சைக் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் டெலிகிராஃப் அவென்யூ வழியாக, பூங்கா வேண்டும் என்று கத்திக்கொண்டே நடந்தார்கள்.

தெருவில் கல்லும் பாட்டிலும் பறந்தன. கண்ணீர்ப் புகைக் குண்டுகள் வெடித்தன. அலமீடா மாவட்ட ஷெரிஃப் படையிடம் ஷாட்கன்கள் இருந்தன. அதில் இரண்டு விதமான ரவை உண்டு. ஒன்று பறவை சுடும் பொடி ரவை. தோலுக்குள் புகுந்து வலிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். இன்னொன்று மான் வேட்டைக்குப் போடுவது. ஒவ்வொரு ரவையும் கைத்துப்பாக்கிக் குண்டின் பருமன் இருக்கும், ஒரே தோட்டாவில் பல ரவைகள் பாயும். அன்றைக்கு இரண்டையும் சுட்டார்கள். டெலிகிராஃப் அவென்யூவில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்றிருந்த ஜேம்ஸ் ரெக்டர் என்ற 25 வயது இளைஞர் மேல் பெரிய ரவை பாய்ந்தது. சான் ஹோசேயிலிருந்து வந்திருந்தவர், பெர்க்லி மாணவர்கூட இல்லை. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து மே 19 அன்று இறந்தார். பெருநாடி கிழிந்திருந்தது. இன்னொருவருக்குக் கண்பார்வை நிரந்தரமாகப் போனது. அன்று மாலைக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குப் போயிருந்தார்கள். ரெக்டரின் சாவுக்காக யாரும் தண்டனை பெறவில்லை.

அன்று இரவே ரீகன் தேசியக் காவல் படையை அனுப்பினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், துப்பாக்கி முனையில் கத்தி செருகி, ஒரு பல்கலைக்கழக நகரத்தின் கடைத் தெருவில் நின்றார்கள். மே 20 அன்று ரெக்டருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியவர்களை ஸ்ப்ரௌல் திடலில் அடைத்து வைத்து, மேலே ஹெலிகாப்டரில் இருந்து கண்ணீர்ப் புகையைத் தூவினார்கள். புகைக்கு யார் போராட்டக்காரர், யார் நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர் என்று தெரியாது. காற்று அதை வளாகம் முழுக்கவும், பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்குகிறது. புல் விரித்ததற்கும் ஹெலிகாப்டர் வந்ததற்கும் நடுவில் சரியாக முப்பது நாள்.

மாணவர்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. பூங்கா இருக்கட்டும் என்று 12,719 பேர், வேண்டாம் என்று 2,175 பேர். மே 30 அன்று 30,000 பேர் வேலி போட்ட பூங்காவின் வழியே அமைதியாக ஊர்வலம் போனார்கள். ஊரின் ஜனத்தொகையே ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்தான். சிப்பாய்களின் துப்பாக்கிக் குழாயில் பெண்கள் பூ செருகிய படங்கள் உலகம் முழுக்கப் போயின. வேலி மட்டும் அப்படியே நின்றது.

அதே விதை, வேறு மண்

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம்.

பீப்பிள்ஸ் பார்க்குக்கு வேலி போட்டவுடன், ஆட்கள் ஊரில் வேறு காலி மனைகளைத் தேடிப் போய்ச் செடி நட ஆரம்பித்தார்கள். அதில் ஒன்று ஹேர்ஸ்ட் அவென்யூவை ஒட்டிய நீளமான துண்டு நிலம். பார்ட் எனப்படும் அந்தப் பகுதியின் ரயில் நிறுவனம், பூமிக்கடியில் பாதை போடுவதற்காக மேலே இருந்த வீடுகளை வாங்கி இடித்த இடம். பாதை கீழே போய்விட்டது, மேலே வெறும் மண். அங்கே நட்ட செடிகளையும் தேசியக் காவல் படை முதலில் பிடுங்கியது, ஆட்களைத் துரத்தியது. பீப்பிள்ஸ் பார்க்கின் கிளை என்றே மக்கள் அதைக் கூப்பிட்டார்கள்.

ஆனால் அங்கே கதை வேறு பக்கம் திரும்பியது. ரயில் நிறுவனத்துக்கு அந்த மேல்மண்ணால் பெரிய தேவை இல்லை. அதை ஒரு கௌரவப் பிரச்சினையாக யாரும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பேச்சு பல வருடம் இழுத்தது, அங்கே அடுக்குமாடி வீடு கட்டலாமா என்றெல்லாம் விவாதம் நடந்தது. கடைசியில் நகராட்சிப் பூங்காவாகவே ஆனது. இன்றைக்கு அதன் பெயர் ஓலோனி பூங்கா, அந்த மண்ணின் பூர்வகுடிகளின் பெயர். விளையாட்டு இடங்கள் இருக்கின்றன, மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அமெரிக்காவில் நாய்களை அவிழ்த்துவிட்டு விளையாட விடுவதற்கென்றே தனியாக ஒதுக்கிய முதல் இடம் 1979இல் இங்கேதான் வந்தது. சாயங்காலம் நாயோடு வருகிறவர்களில் பலருக்கு அங்கே ஒரு காலத்தில் சிப்பாய்கள் நின்றது தெரிந்திருக்காது.

ஒரே ஊர், ஒரே வருடம், ஒரே ஆட்கள், அதே மண்வெட்டி. இரண்டு இடமும் வீடுகளை இடித்துக் காலியாக்கியதுதான். இரண்டிலும் அனுமதி இல்லாமல்தான் செடி நட்டார்கள். ஒன்று அரை நூற்றாண்டாக அமைதியான பூங்கா. இன்னொன்றில் அரை நூற்றாண்டாக அடிதடி. மக்கள் செய்ததில் எந்த வித்தியாசமும் இல்லை என்பதால், வித்தியாசத்தை நிலத்துக்குச் சொந்தக்காரர் செய்ததில்தான் தேட வேண்டும். ஓலோனியில் ஒரு கட்டத்தில் அரசு நிறுவனம் பூங்காவைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகு அதற்கு விளக்கு, கழிப்பறை, தோட்டக்காரர், வரவு செலவில் ஒரு வரி எல்லாம் வந்தன. பீப்பிள்ஸ் பார்க்கைப் பல்கலைக்கழகம் ஒருநாளும் மனதார ஏற்றுக்கொள்ளவில்லை.

யாருக்கும் சொந்தமில்லாத நாற்பது வருடம்

1972 மே மாதம். வடக்கு வியட்நாமின் ஹைஃபாங் துறைமுகத்தில் கண்ணிவெடி போடப்போவதாக அதிபர் நிக்சன் அறிவித்தார். பெர்க்லியில் அதை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம், நேராகப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய் வேலியைப் பிடுங்கியது. அன்றிலிருந்து பூங்கா மறுபடி திறந்துகொண்டது, யாரும் திறந்து வைக்காமலே.

1979இல் அதன் ஒரு பகுதியைக் கட்டண வாகன நிறுத்துமிடமாக்கப் பல்கலைக்கழகம் முயன்றது. மக்கள் தார்ப்பரப்பைக் கொத்தி எடுத்துவிட்டு அங்கே தோட்டம் போட்டார்கள். 1984இல் நகராட்சி அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1991இல் மணல் கொட்டி வாலிபால் மைதானம் கட்டினார்கள். அதற்கும் கலவரம் வந்தது, ரப்பர் குண்டு சுட்டார்கள். அந்த மைதானத்தில் ஆட ஆள் வரவில்லை. 1997இல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள்.

இந்தச் சண்டைகளுக்கு நடுவில் ஒரு தினசரி வாழ்க்கையும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பூங்காவில் இலவசப் பெட்டி என்று ஒன்று வைத்திருந்தார்கள். வேண்டாத துணியை அதில் போடலாம், வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம். விடுதியைக் காலி செய்து ஊருக்குப் போகும் மாணவி போட்ட கோட்டு ஒன்றை, இரவில் குளிரில் கிடப்பவர் மாட்டிக்கொள்ளும் ஏற்பாடு. அந்தப் பெட்டியை எடுப்பதும் எரிப்பதும், மக்கள் திரும்பக் கட்டுவதும் பலமுறை நடந்தது. தன்னார்வலர்கள் வந்து இலவசச் சாப்பாடு போடுவார்கள். மேற்குப் பக்கம் தோட்டம், நடுவில் புல்வெளி, ஒரு மரமேடை. அந்த மேடையில் ஏப்ரல் தோறும் ஆண்டு விழா. வீடில்லாத ஒருவருக்கு இன்னார் எங்கே என்று கேட்டு வர ஒரு விலாசம் மாதிரி இருந்தது அந்த இடம்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். போதைப் பொருள் கைமாறியது, அடிதடி நடந்தது, தாக்குதல்கள் நடந்தன. பக்கத்து விடுதி மாணவிகள் இருட்டிய பிறகு அந்த வழியைத் தவிர்த்தார்கள். பல மாணவர்களுக்கு 1969 பாட்டி காலத்துக் கதை. கண்ணுக்குத் தெரிந்தது பயமுறுத்தும் ஒரு மூலை. இதை மறைத்துவிட்டுப் பூங்காவைப் புகழ்ந்தால் அது நியாயமாகாது.

ஆனால் அந்த நிலைமை தானாக வந்ததா? சொந்தக்காரர் இடித்துக் கட்டும் நாளுக்காகவே காத்திருக்கும் வீட்டில், ஒழுகும் ஓடுகளை யாரும் மாற்றமாட்டார்கள். ஒரு நகரத்தில் வீடில்லாதவர்களுக்கு வேறு போக்கிடம் கொடுக்காமல், அவர்கள் எல்லோரும் ஒரே 2.8 ஏக்கரில் வந்து சேரும்படி விட்டுவிட்டு, பிறகு இந்தப் பூங்கா பாதுகாப்பாக இல்லை என்று சொன்னார்கள். கவனிக்காமல் விட்டதே பூங்காவுக்கு எதிரான சாட்சியாக மாறியது. இந்த வழக்கில் எனக்கு மிகவும் கோபம் தரும் இடம் இதுதான்.

மாணவர் சத்தம் மாசா?

2018இல் அன்றைய சான்சலர் கேரல் கிறிஸ்ட் புதிய திட்டத்தை அறிவித்தார். சுமார் 1,100 மாணவர்களுக்கு விடுதி, வீடில்லாதவர்களுக்கு ஆதரவு வசதியோடு சுமார் 125 வீடுகள், நிலத்தில் பாதிக்கு மேல் திறந்த வெளி, 1969இன் நினைவுச் சின்னம். ஐம்பது வருடத்தில் பல்கலைக்கழகம் கொண்டுவந்த திட்டங்களில் இதுதான் யோசித்துச் செய்த திட்டம் என்பது என் கணிப்பு. தேவையும் உண்மையானது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்களிலேயே தன் மாணவர்களில் மிகக் குறைந்த விகிதத்தினருக்கு விடுதி தந்தது அப்போது பெர்க்லிதான். நான்கில் ஒருவருக்குக்கூட இடம் இருக்கவில்லை. மற்றவர்கள் உலகத்தின் மிக விலை கூடிய வாடகைச் சந்தை ஒன்றில் அறை தேட வேண்டும். காரில் தூங்கிப் படிக்கும் மாணவர்களும் உண்டு.

2021இல் நகராட்சிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பல்கலைக்கழகம் 16 வருடத்தில் சுமார் 8 கோடியே 26 லட்சம் டாலர் தரும், நகராட்சி இந்தத் திட்டத்தை எதிர்த்து வழக்குப் போடாது. ஆனால் ஊர்க்காரர் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2022 மே மாதம் பூங்கா தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் இருந்தால் இடிக்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது ஒரு மரியாதை, மாநில நிறுவனம் தன் பணத்தில் தன் நிலத்தில் செய்வதைத் தடுக்கும் பலம் அதற்குக் கிடையாது. இரண்டு மாதத்துக்குப் பிறகு ஆகஸ்ட் 3 அதிகாலை வேலி வந்தது, மரங்களை வெட்டினார்கள். மதியத்துக்குள் மக்கள் வேலியைச் சாய்த்தார்கள், ஒப்பந்தக்காரர்கள் இயந்திரங்களை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நீதிமன்றமும் வேலையை நிறுத்தி வைத்தது.

வழக்கு பிடித்துக்கொண்ட கொம்பு, கலிஃபோர்னியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம். பெரிய கட்டுமானம் எதுவானாலும் அதனால் வரும் பாதிப்புகளை முன்கூட்டி ஆராய்ந்து வெளியிட வேண்டும் என்பது அந்தச் சட்டம். 1970இல் அதில் கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். பூங்காவுக்குப் படை அனுப்பிய அதே கை, ஒரு வருடம் கழித்துப் போட்ட கையெழுத்து, ஐம்பது வருடம் கழித்துப் பூங்காவை இடிக்க விடாமல் நிறுத்தியது.

2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு குறைகளைச் சொன்னது. வேறு இடத்தில் கட்ட முடியுமா என்று பல்கலைக்கழகம் ஒழுங்காகப் பார்க்கவில்லை. மாணவர்கள் வந்தால் அக்கம்பக்கத்தில் ஏற்படும் இரைச்சலையும் ஆராயவில்லை. இரண்டாவதுதான் ஊரையே உலுக்கியது. ஆலைப் புகை மாதிரி, லாரி ஓடும் சத்தம் மாதிரி, மாணவர்கள் விருந்து வைத்துப் பேசும் சத்தமும் சுற்றுச்சூழல் பாதிப்பா? அப்படியானால் நாளைக்குக் குழந்தைகள் அதிகம் உள்ள குடும்பங்களுக்கு வீடு கட்டுவதையும் இதே காரணம் சொல்லி நிறுத்தலாமே?

முதல் குறைதான் எனக்கு வலுவானதாகத் தெரிகிறது. பல்கலைக்கழகத்துக்கு ஊரில் வேறு மனைகள் இருந்தன. அவற்றில் எதை முதலில் கட்டலாம் என்ற கேள்விக்கு ஊர் ஒரு நேரான பதிலைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் விவாதம் முழுவதும் சத்தத்தின் பின்னால் போனது. சட்டமன்றம் வேகமாக இறங்கியது. வீட்டுக் கட்டுமானத்தில் குடியிருப்பவர்கள் எழுப்பும் சத்தம் சுற்றுச்சூழல் பாதிப்பாகாது, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பல்கலைக்கழக விடுதிகளுக்கு மாற்று இடம் ஆராய வேண்டியதில்லை என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 2023 செப்டம்பரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்டார். அந்த வலுவான கேள்வியும் பலவீனமான கேள்வியோடு சேர்ந்தே அடிபட்டுப் போனது. 2024 ஜூன் 6 அன்று மாநில உச்ச நீதிமன்றம், புதிய சட்டத்தின்படி இந்த எதிர்ப்புகளுக்கு இடமில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புக்கு ஐந்து மாதம் முன்பே கண்டெய்னர்கள் வந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோடையில் கட்டுமானம் தொடங்கியது.

ஒரு விஷயத்தில் இந்த முறை பல்கலைக்கழகம் 1969ஐ விட மேலாக நடந்துகொண்டது. 2022இல் பூங்காவில் தங்கியிருந்தவர்களுக்கு நகராட்சியோடு சேர்ந்து ஒரு மோட்டலில் அறைகள் ஏற்பாடு செய்தார்கள், பகலில் போய் உட்கார ஒரு மையமும் திறந்தார்கள். பலர் போனார்கள். சிலர் போகவில்லை, போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். கதவு உள்ள அறை கிடைத்தும் ஒருவர் ஏன் திரும்பி வருகிறார் என்பதைக் கட்டடம் கட்டுகிறவர்கள் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், சாப்பாடு வரும் நேரம் தெரியும், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது.

இப்போது பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது அந்த 125 வீடுகள். மாணவர் விடுதிக்குப் பணமும் ஆள் பலமும் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. ஆதரவு வீடுகளுக்கு வெளியே இருந்து நிதி வர வேண்டும், ஆகவே அதுதான் தள்ளிப்போகக் கூடிய பகுதி. பூங்காவை விட்டுக்கொடுக்கச் சொல்லி ஊரிடம் காட்டிய முக்கியக் காரணமே அதுதான் என்பதால், விடுதி திறக்கும் அன்றே அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும். இரண்டாவது, மிச்சம் வைப்பதாகச் சொன்ன திறந்த வெளி. அதற்கு ராத்திரியில் பூட்டு உண்டா, காவலாளி யாரை எழுப்பி அனுப்புவார், இலவசப் பெட்டி வைக்க ஒரு மூலை கிடைக்குமா என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது.

ஹேஸ்ட் தெருவும் டெலிகிராஃப் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், கட்டுமான இடத்துக்கு நடந்து போகும் வழியில், 1976இல் வரைந்த ஒரு பெரிய சுவரோவியம் இருக்கிறது. 1964இல் போலீஸ் காரின் மேல் ஏறி நின்று பேசிய மாணவரில் தொடங்கி, போருக்கு எதிரான ஊர்வலம், புல் விரித்து மண் கொத்தும் கூட்டம் என்று போய், மொட்டை மாடியில் சுடப்பட்டுச் சாய்ந்த ரெக்டரில் வந்து நிற்கிறது அது. வெயிலில் நிறம் மங்கும்போது வந்து வண்ணம் பூசியிருக்கிறார்கள்.